ரஷ்ய ஜெனரலுக்கு நான் எழுதிய வசனம்

படம் ஓட்டுகிற தொழிலில் இருக்கிறவனுக்குப் படத்தைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் படும். லூப் நழுவுகிறதா, லென்ஸில் தூசி உட்கார்ந்துவிட்டதா, பிலிம் சுற்றுகிற சக்கரம் முக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குள் கதாநாயகனுக்குக் கல்யாணமே முடிந்துபோயிருக்கும். திருச்சியில் ஒரு தியேட்டரில் நாலு வருஷம் உதவி ஆபரேட்டராக இருந்துவிட்டு, எழுபதுகளின் நடுவில், எலக்ட்ரீஷியன் விசாவில் குவைத் போனேன். ஷுஐபா பக்கம் ஆலை கட்டுகிற வேலை. பகலெல்லாம் வயர் இழுப்பேன். கம்பெனி ஸ்டோரில் சாக்கு மூடிக் கிடந்த பதினாறு எம்.எம். புரொஜெக்டரை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று தெரிந்ததும், வியாழக்கிழமை சாயங்காலங்களில் என்னை மறுபடியும் ஆபரேட்டர் ஆக்கிவிட்டார்கள்.

வளைகுடாவில் கேம்ப்பில் இருந்தவர்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: மறுநாள் வெள்ளி, லீவு. ஆறு நாள் வெயிலில் காய்ந்தவனுக்கு வாரத்தில் அந்த ரெண்டு மணி நேரம்தான் சொந்தம். அதை என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

கானா

வழக்கமாக டவுனில் ஒரு கடையிலிருந்து இந்திப் படம் வாடகைக்கு வரும். ஒரு சமயம் கடைக்காரர் பம்பாய் போனவர் திரும்பவே இல்லை. கடை பூட்டிக் கிடந்தது. எங்கள் கேம்ப் பாஸ் ராஜகோபால் சார் சென்னைக்காரர், சரித்திரத்தில் பி.ஏ. படித்தவர், சால்மியாவில் குடும்பத்தோடு இருந்தார். அவர் யாரோ தெரிந்தவர் மூலமாக ரஷ்யத் தூதரகத்துப் பக்கம் கேட்டு இலவசமாக ஒரு படம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கறுப்பு வெள்ளை. பழைய காலத்து ரஷ்ய ஜெனரல் ஒருவரைப் பற்றிய கதை. பேச்சு ரஷ்ய மொழியில், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். "நல்ல மிலிட்டரி படம்ப்பா சந்தானம். பார்த்தாவது இவங்களுக்குக் கொஞ்சம் டிசிப்ளின் வரட்டும்" என்று பிலிம் இருந்த மூன்று டப்பாக்களையும் என்னிடம் கொடுத்தார்.

மெஸ் சுவருக்கு வெள்ளையடித்ததுதான் எங்கள் திரை. மணலில் பலகையும் பெயிண்ட் டின்னும் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியும் ஒரு பெண்பிள்ளை வரவில்லை. ஒல்லியாக, நரைத்த தலையோடு ஒரு கிழவர் குதிரையில் வருகிறார், போகிறார். கிரேன் ஓட்டுகிற பட்டாணியர் கான் பாய் எழுந்து என்னிடம் வந்து, "கானா?" என்று கேட்டார். பசி போலிருக்கிறது என்று நினைத்து, மெஸ் மூடியாச்சு, காலையில்தான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கேட்டது பாட்டு. இந்தியில் சாப்பாடும் பாட்டும் நம் காதுக்கு ஒரே கானாதான். பக்கத்தில் இருந்த ஒருவர் எனக்காகத் தமிழில் விளக்கினார்:

"ஆப்ரேட்டரே, ரெண்டு கானாவும் இந்தக் கேம்ப்ல கிடையாதுன்னு அவருகிட்ட சொல்லிடுங்க!"

செத்தவர் ஜெயித்தது

அன்றைக்கே இன்னொரு தப்பும் நடந்தது. எங்களுக்கு முன்னால் படத்தை வாங்கிப் பார்த்தவர்கள் ரெண்டாம் டப்பாவில் மூன்றாம் ரீலை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவன் பார்த்திருக்க வேண்டும். ஆக, முதல் ரீலில் படை திரட்டிக்கொண்டு கிளம்பிய ஜெனரல் அடுத்த ரீலில் ராஜாவுக்குப் பிடிக்காதவராகி, ஒரு சின்ன வீட்டில் படுத்த படுக்கையாகிச் செத்தே போனார். சிப்பாய்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதார்கள். கூட்டம் எழுந்திருக்கப் பார்த்தது. இன்னும் ஒரு ரீல் இருக்கிறதே என்று அதை மாட்டினேன். செத்தவர் பனிமலையில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தார்.

கல் எறிவார்கள் என்று பயந்தேன். யாரும் எறியவில்லை. மலை உச்சிக்குப் படை ஏறி முடித்ததும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் ஒருவர் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிவசாமி அண்ணன். முதுகுளத்தூர்க்காரர், கம்பி கட்டுகிற வேலை, நாற்பது வயது இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் படிப்பில்லை. தப்பாக மாட்டிவிட்டேன் அண்ணே என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இப்படியே இருக்கட்டும் தம்பி, கடைசியில ஜெயிச்ச மாதிரி வீட்டுக்குப் போவோம்."

மைக்

மறுவாரமும் கடை திறக்கவில்லை. படத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. இருக்கிறதை ஓட்டு என்றார் சார். பார்த்த படத்தையே என்ன சொல்லிக் காட்டுவது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆம்ப்ளிஃபயரில் மைக் மாட்ட இடம் இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன்; இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். ஜெனரலின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அவரைப் "பெரியவர்" என்றேன். அதற்குப் பிறகு கேம்ப் முழுக்க அவர் பெரியவர்தான்.

என் கஷ்டம் உங்களில் படம் ஓட்டியவர்களுக்குப் புரியும். ஒரு கண் எழுத்தில், ஒரு கண் பிலிமில், ஒரு கையில் மைக், ஒரு கை சக்கரத்தில். ரெண்டு தரம் பிலிம் அறுந்துபோனது. மூன்றாம் வாரம் மைக்கைச் சிவசாமி அண்ணனிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை. நான் சொன்ன அத்தனையும் வரிக்கு வரி மனசில் இருந்தது. ஆனால் குரல் வேறு. நான் நியூஸ் வாசிக்கிற மாதிரி சொன்னதை அவர் பேசினார். ராஜா பொடி பூசிய சவுரிமுடி வைத்துக்கொள்ளச் சொல்கிற இடத்தில், "இது மண்டையா, மாவுப் பானையா? எம் பயலுக சண்டைக்கு வந்தாகளா, கூத்துக்கு வந்தாகளா?" என்று பெரியவர் அவர் வாயால் கேட்டபோது, மணலில் உருண்டு சிரித்தார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இந்திக்காரர்களும் அர்த்தம் புரியாமல் சிரித்தார்கள். சாதாரணமாகக் கேம்ப்பில் நாலு வார்த்தை பேசாத மனிதர். படம் முடிந்ததும் மைக்கைத் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வெளிநாட்டுக்கு வந்து பதினாலு மாசத்துல இன்னைக்குத்தேன் தம்பி நான் பேசுன பேச்ச நாலு பேரு கேட்டாக."

சேவல்

அந்தப் பெரியவருக்கு ஒரு பழக்கம். வைக்கோலில் படுப்பார். விடிவதற்கு முன்னால் எழுந்து கூடாரம் கூடாரமாகப் போய்ச் சேவல் மாதிரி கூவிச் சிப்பாய்களை எழுப்புவார். இது எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எட்டாம் நம்பர் ரூமில் ஒருவன் காலையில் கூவ ஆரம்பித்தான். பதில் கூவல் பன்னிரண்டாம் நம்பரிலிருந்து வந்தது. ஒரு வாரத்தில் நாலரை மணிக்குக் கேம்ப்பில் சைரன் தேவையில்லாமல் போய்விட்டது. பல் தேய்க்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

ஃபோர்மேன் லெபனான்காரர். நல்ல மனிதர், ஆனால் விளையாட்டு தெரியாதவர். யாரோ கட்டிலுக்கடியில் கோழி வளர்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு ரூம் ரூமாகக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். கடைசி ரூமிலும் ஒரு இறகுகூடக் கிடைக்காமல், வியர்த்து வழிந்துகொண்டு வெளியே வந்தபோது பின்னாலிருந்து ஒரு சேவல் கூவியது. அவர் திரும்பி, கேம்ப்பில் சேவல் கிடையாது, அவ்வளவுதான் என்று தனக்குத் தெரிந்த எல்லா மொழியையும் ஒன்றாகச் சேர்த்துக் கத்தினார்:

"கேம்ப்மே முர்கா மாஃபி! கலாஸ்!"

என் வசனம்

இனிமேல் வருகிறதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

மலை ஏறுகிற ரீலில் ஒரு இடம். பனியில் படை தங்கியிருக்கிறது. சிப்பாய்கள் அண்டாவில் சூப் காய்ச்சுகிறார்கள். பெரியவர் வருகிறார், கரண்டியை வாங்கி ஒரு வாய் குடிக்கிறார். கீழே ஓடுகிற எழுத்து இவ்வளவுதான்: சூப் தண்ணீராக இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவர் சிப்பாய்களோடு உட்கார்ந்து அதையே குடிப்பார்.

எங்கள் மெஸ்ஸில் அப்போது சாப்பாடு எப்படி என்றால், பருப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அரிசியில் புழு. ரொட்டி முந்தாநாளையது. மெஸ் காண்ட்ராக்டர் யார், அவருக்கு மேலே யார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. புகார் எழுதிப் போடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அதற்குச் சாவி யாரிடம் என்றும் தெரியாது. நான் மைக் பிடித்த அந்த ஒரு வாரம், அந்த இடம் வந்தபோது, கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும் என்கிற ஒரே ஆசையில், எழுத்தில் இல்லாததைச் சொன்னேன். "பெரியவர் கேக்கறாரு: இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு எவன்டா மலை ஏறுவான்? இதை ஆக்கச் சொன்னவன் முதல்ல வந்து ஒரு வாய் குடிக்கட்டும்!" சுவர் அதிர்கிற மாதிரி கைதட்டல். திருச்சியில் நாலு வருஷம் ஓட்டினேன், எனக்கென்று ஒருவரும் கை தட்டியதில்லை. சிவசாமி அண்ணன் மைக் பிடித்த பிறகு அந்த வரியை இன்னும் நன்றாகச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் அந்த இடம் வரும்போது நான் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று என் வசனத்துக்கு விழும் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆறாம் வாரம் ராஜகோபால் சார் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு படம் பார்க்க வந்தார். முன்னால் மூன்று நாற்காலி போட்டோம். மகளுக்கு எட்டு வயது இருக்கும், அங்கேயே இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிற பெண். மலை ஏறுகிற ரீல் ஓட ஓட நான் அந்த மூன்று நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கின் ஒலியைக் குறைக்கிற திருகு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கையை அதன்மேல் வைத்தேன் என்பதும் உண்மை, திருகவில்லை என்பதும் உண்மை. சிவசாமி அண்ணன் ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து அந்த வரியைச் சொன்னது. கைதட்டல் அடங்கிய பிறகு அந்தச் சின்னப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது:

"டாடி, ஹேவ் யூ எவர் ஈட்டன் ஹியர்?"

பருப்பு வாளி

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் பருப்பில் எலிப் புழுக்கை கிடந்தது. யார் முதலில் எழுந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்த்தபோது கான் பாய் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஐம்பது அறுபது பேர். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. கேம்ப் ஆபீஸ் வாசலில் போய் வெயிலில் நின்றார்கள். ஒருவர் கையில் கழுவிய பிளேட்டும் ஸ்பூனும். சிவசாமி அண்ணன் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் இத்தனை பேர் போகிறார்களே என்று ஈரக் கையோடு கடைசியில் வந்து சேர்ந்தார்.

லீவு நாளிலும் ஆபீஸுக்கு வந்து, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராஜகோபால் சார் வெளியே வந்தார். வாளியைப் பார்த்தார். அவருக்கே புரிந்தது. பிளேட்டை வாங்கி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். விழுங்க அவர் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். துப்பவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "நாளையிலேர்ந்து மாத்தறேன்" என்றார். முகம் சிவந்து, பிளேட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசி வரிசையிலிருந்து சிவசாமி அண்ணன் முன்னால் வந்து கையை நீட்டினார். அன்றைக்கு அவர் செய்ததும் பேசியதும் அது ஒன்றுதான்:

"குடுங்க சார், நான் கழுவிக்கிறேன்."

ஒரு பேர்

சனிக்கிழமை காலை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சார் தனியாக இருந்தார். ராத்திரி தூங்காத கண். கூட்டம் கூடிய விஷயம் டவுனில் பெரிய மேனேஜர் வரைக்கும் போய்விட்டது. அந்த ஊரில் வேலைக்கு வந்தவர்கள் கும்பலாகச் சேர்வது சின்ன விஷயம் இல்லை. "அறுபது பேரையும் அனுப்பறேங்கறார் மேனேஜர். கெஞ்சி ஒண்ணுக்குக் கொண்டு வந்திருக்கேன். ஒரே ஒரு பேர் வேணும்" என்றார்.

பேப்பரை நேராக வைத்துக்கொண்டு கேட்டார். "அந்த டயலாக் படத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"பின்ன யாரு சேர்த்தது?"

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஊரில் அப்பா படுக்கையில். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் காரணம் என்று சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்ததா என்பதே நிச்சயமில்லை. பயம் ஒன்றுதான் நிச்சயம். "மைக் சிவசாமிகிட்ட இருந்தது சார்" என்றேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். சிவசாமி அண்ணனின் தம்பிக்கு விசா எடுத்துத் தருவதாகச் சார் சொல்லியிருந்தார் என்பதும், அதற்கான கடுதாசி அவர் டிராயரில்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். சார் பேனாவைத் திறந்து எழுதினார்.

"சரி, நீ போ. நீ சொன்னதா வெளியில வராது."

செவ்வாய்க்கிழமை

மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. சிவசாமி அண்ணனை வேலைக்குப் போக வேண்டாம் என்று ரூமிலேயே இருக்கச் சொன்னார்கள். நான் ஞாயிறும் திங்களும் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு சைட்டிலேயே இருந்தேன். செவ்வாய் மத்தியானம் வேன் வந்தது. எல்லோரும் வேலையில் இருந்த நேரம். ஆபீஸ் லைட்டில் கோளாறு என்று என்னைக் கேம்ப்புக்கு அனுப்பியிருந்தார்கள், இல்லாவிட்டால் அவர் கண்ணில் படாமலே தப்பித்திருப்பேன்.

கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பை. பாஸ்போர்ட் வேலை பார்க்கிற அரபி ஆள் வேன் கதவைத் தட்டி "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் அட்டைப்பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன். "ஏன் அண்ணே இப்படி ஆச்சு" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். அவர் வேனில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்கக் கம்பி கிழித்த தழும்பு.

"வியாழக்கிழமை அந்த எடத்தச் சும்மா விட்றாதீக தம்பி. வசனம் ஒங்களுதுதானே, நீங்களே சொல்லுங்க."

எழுத்தில் இருந்தது

அந்த வியாழக்கிழமை படம் ஓட்ட எனக்கு மனசில்லை. பல்பு போய்விட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மைக்கை எடுத்தேன். முதல் ரீல் முழுக்க யாரும் சிரிக்கவில்லை. சவுரிமுடி இடத்திலும் சிரிக்கவில்லை.

மலை ஏறுகிற ரீலில் அண்டா வந்தது. பெரியவர் கரண்டியை வாங்கிக் குடித்தார். கூட்டம் மூச்சு விடாமல் காத்திருந்தது. அந்த ஒரு இடத்தில் நான் அந்த வரியைச் சொல்லியிருந்தால், இது என் வரி என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். நான் எழுத்தில் இருந்ததைப் படித்தேன். "சூப் தண்ணியா இருக்கு." பெரியவர் சிப்பாய்களோடு உட்கார்ந்து அதைக் குடித்தார். முன் வரிசையில் ஒருவர், யாரையும் பார்க்காமல், கேட்டார்:

"அம்புட்டுத்தானா சொன்னாரு?"

நல்ல அரிசி

மறுவாரம் தூதரகத்திலிருந்து ஆள் வந்து மூன்று டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். டவுனில் வேறொரு கடை கிடைத்தது. மறுபடியும் இந்திப் படம், பாட்டு, சண்டை. சேவல் கூவுவது தானாக நின்றுவிட்டது. சைரன் ஊதினார்கள்.

ராஜகோபால் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மெஸ் காண்ட்ராக்டர் மாறினார். புது அரிசி, கெட்டியான பருப்பு, வாரத்துக்கு ரெண்டு நாள் ஆட்டுக்கறி. முதல் நாள் கறி போட்டபோது தட்டை எடுத்துக்கொண்டு போய் எட்டாம் நம்பர் ரூம்காரர்களோடு உட்கார்ந்தேன். அது சிவசாமி அண்ணன் இருந்த ரூம். யார் பெயர் சொன்னது என்று கேம்ப்பில் ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் எனக்கும் இடம் விட்டார்கள். ஒருவன் எனக்கு எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி வைத்தான்.

"சாப்பிடுங்க ஆப்ரேட்டரே, சிவசாமி அண்ணன் வாங்கிக் குடுத்த கறி."

மதுரையில்

ரெண்டு வருஷம் கழித்து லீவில் வந்தேன். சிவசாமி அண்ணன் மதுரையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிற இடத்தில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, தேடிக்கொண்டு போனேன். ரெண்டாவது மாடியில் சாரத்தின்மேல் உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கீழே கம்பி வளைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "எந் தம்பி" என்றார். விசா வராத தம்பி. எதிர்க்கடையில் டீ சொன்னார். கேம்ப்பில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். கான் பாய் சவுகரியமா, ஃபோர்மேன் இன்னும் கோழி தேடுகிறாரா என்று கேட்டுச் சிரித்தார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. "அண்ணே, சார்கிட்ட உங்க பேரைச் சொன்னது நான்தான்" என்றேன். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த மூன்று மணி நேரமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் தம்பி. ஞாயித்துக்கிழமை சார் என்னையக் கூப்பிட்டுக் கேட்டாக. இது ஒன் வசனமா, ஆப்ரேட்டர் வசனமா, நெசத்தச் சொல்லு, பாப்போம்னாக. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு அவுகளுக்குத் தெரியும்."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"என் வசனம்னேன். நெசம் சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிருவாக. அப்புறம் அந்தப் பயலுகளுக்கு யாரு படம் ஓட்டுவா?"

மேலிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். சிவசாமி அண்ணன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரெண்டு அடி போனவர் நின்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நேரம் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்:

"ஆனா செவ்வாக்கெழம வேன் வர்ற வரைக்கும், நீங்க வந்து சொல்லிருவீகன்னு வாசலப் பாத்துக்கிட்டேதேன் இருந்தேன் தம்பி."

அதற்குப் பிறகு அதே கேம்ப்பில் ஏழு வருஷம் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறாமல் படம் ஓட்டி முடித்து நான் ஊர் திரும்பியபோது கம்பெனி எனக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தது. அதற்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், சுவரில் ஆணி இறங்காது என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.